பிலோ அக்கா ருசி பார்க்காத பியர்

சூசை அண்ணையின் அழைப்பு வந்தபோது நான் செவன் கிங்ஸ் ரயில் நிலையத்துக்குப் புறப்படுவதற்காகக் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்திருந்தேன். "பிள்ளை, பிலோமினா போயிட்டா," என்றார். கோட்டின் மற்றக் கை தொங்கியபடி இருக்க அங்கேயே நின்றேன். "நித்திரையிலதான். காலமை தேத்தண்ணியோட போய் எழுப்பினனான்," என்றார். பிறகு, மனைவியைப் பற்றி வழக்கமாக முறையிடும் அதே குரலில் சொன்னார்: "அடுத்ததா என்ன போடுறதெண்டு நேற்றுப் பின்னேரம் முழுக்க என்னோட சண்டை. முடிவு சொல்லாமப் போயிட்டா."

போடுவது என்றால் பியர். பிலோ அக்காவை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்ட்ரெதம் தேவாலயத்தில் அவருடைய அடக்கப் பூசையன்று ஒரு விஷயத்தைக் கவனித்தேன். இடது பக்கத்தில் நம்முடைய சனம் இருந்தது. வலது பக்கத்தில், கறுப்பு டை கட்டிய வயதான ஆங்கிலேயர்கள் சிலர் எப்போது எழும்புவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் இருந்தார்கள். நம்மவர்களில் பலர் அவர்களைக் கவுன்சில் அலுவலகத்தில் அக்காவோடு வேலை செய்தவர்கள் என்று நினைத்தார்கள். அவர்கள் வீட்டில் பியர் செய்பவர்களின் கழகத்தைச் சேர்ந்தவர்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவருடைய பக்தியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். என்னிடம் கேட்டபோது பியரைப் பற்றித்தான் எழுதுவேன் என்றேன். அதை எழுதினால் பக்தியும் தானாக உள்ளே வந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில், அவர்களுடைய வீட்டின் மேலறையில் நான் குடியிருக்க வந்தேன். அவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர்கள், நான் யாழ்ப்பாணத்துச் சைவம். வந்த அன்றே பிலோ அக்கா என் விரத நாள்களைக் கேட்டார். சாப்பாட்டுக்காகக் கேட்கிறார் என்று எண்ணி வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி என்று சொன்னேன். அவர் குசினிச் சுவரில் தொங்கிய பங்குக் கோயில் கலண்டரில் அவற்றைக் குறித்துக்கொண்டார். பிறகு அப்டன் பார்க்கில் ஒரு தமிழ்க் கடையில் வாங்கிய பஞ்சாங்கக் கலண்டரும் அதற்குப் பக்கத்தில் வந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "உன்ர கந்தசஷ்டிக்குள்ள போத்தல் திறக்கிற மாதிரி வரக்கூடாது. வீட்டில ஒராள் விரதம் இருக்க மற்றாக்கள் குடிக்கிறது என்ன குடி?" என்றார். நான் குடிப்பதில்லை என்று சொன்னேன். "அது உன்ர விருப்பம். கலண்டர் கலண்டர்தான்," என்றார். ஆறு மாதத்துக்குள் சின்னக் கிளாஸ் ஒன்று எனக்கென்று தனியாக இருந்தது. அம்மா இதைப் படிக்கக்கூடும். படிக்கட்டும்.

அவர் பியர் செய்யத் தொடங்கியது டிசம்பரில் அலுவலகத்தில் வைத்த நத்தார் விருந்தின் சீட்டுக் குலுக்கலால். மற்றவர்களுக்குச் சொக்கலேற்றும் சவர்க்காரமும் விழ, இவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியும் மால்ட் என்ற பார்லிப் பாகு ஒரு தகரமும் ஒரு பொட்டலம் ஈஸ்ட்டும் விழுந்தன. யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார் சூசை அண்ணை. "கர்த்தர் எனக்கெண்டு போட்டதை நான் ஏன் குடுக்கவேணும்?" என்று அக்கா கேட்டாராம்.

முதல் இரண்டு வருடங்கள் அவர் செய்த பிழையை நம்மவர்கள்தான் செய்ய முடியும். கள்ளு என்றால் வெய்யிலில் தானாகப் பொங்குவது என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. இந்தக் குளிர் நாட்டில் பாவம் ஈஸ்ட் எப்படிப் பிழைக்கும் என்று இரங்கி, வாளியைப் பழைய சேலையாலும் கம்பளியாலும் சுற்றிச் சுடுதண்ணீர்ப் பொயிலர் இருக்கும் அலுமாரிக்குள் வைத்தார். மூன்றாம் நாளே நுரை அடங்கியது. முடிந்துவிட்டது என்று சந்தோசப்பட்டு, அதைப் போத்தல்களில் அடைத்து அதே அலுமாரியில் அடுக்கினார்.

ஒக்டோபர் செபமாலை மாதம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் கூடிச் செபிப்போம். அன்று பிலோ அக்கா வீட்டு முறை. முன்னறை நிறையச் சனம், அவர்களில் பாதிப்பேர் அந்த வருடம்தான் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். நான் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியத்தின் நடுவில் மேலே படார் என்று ஒரு சத்தம். அடுத்த கணம் முன்னறையில் ஒருவர்கூட நிமிர்ந்து இல்லை. எல்லாரும் கம்பளத்தில் குப்புறக் கிடந்தார்கள், சிலர் மேசைக்கு அடியில். இரண்டாவது வெடித்தது. மூன்றாவது வெடித்தது. படிக்கட்டு வழியாக மால்ட் மணம் இறங்கி வந்தது. கீழே கிடந்த ஒரு முதியவர் தலையைத் தூக்காமலே கேட்டார்:

"பிலோ, இது எந்தப் பக்கத்தாலை அடிக்கிறாங்கள்?"

"ஒரு பக்கத்தாலும் இல்லை அண்ணை, என்ர அலுமாரிப் பக்கத்தாலை. ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ, அது பியர்!"

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழும்பிய பலர் எதற்காக அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிலோ அக்கா பாவாடையைத் தட்டிவிட்டு முழங்காலிட்டு, விட்ட மணியிலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் கழகத்தைத் தேடிப் போனார். ஸ்ட்ரெதமில் ஒரு மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் டெரிக் அங்கேதான் அறிமுகமானார். அவர் வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். பியருக்குக் குளிர்தான் வேண்டும், மெதுவாகப் பொங்கட்டும் என்றார். வாளி மாடிப்படிக்குக் கீழே, வாசற்கதவின் குளிர்காற்றுப் படும் இடத்துக்குப் போனது. அந்த இடத்தை அது பிறகு விடவே இல்லை. கழகத்தில் இன்னொருவர், உங்கள் நாட்டு வாசனைத் திரவியம் ஏதாவது போட்டால் தனித்துவமாக இருக்குமே என்று அக்காவுக்கு ஆலோசனை சொன்னார். ஏலக்காய்? கறிவேப்பிலை? பிலோ அக்கா தன்னுடைய கவுன்சில் ஆங்கிலத்தில் அமைதியாகப் பதில் சொன்னார்: "என் நாட்டிலிருந்து நான் வந்திருக்கிறேன். அது போதாதா?"

அடுத்து எந்தப் பியர் என்பதை முடிவுசெய்வது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபின், குசினி மேசையில். அவருக்கு இருந்த ஒரே விதி, இன்றைய தாகத்தை நம்பக்கூடாது என்பது. "இப்ப குளிருது எண்டு கறுப்புப் பியர் போட்டால் அது குடிக்கிற பதத்துக்கு வரேக்க வெய்யில் எறிக்கும். குடிக்கேக்க வெளியில என்ன காலம் எண்டு பாத்துப் போடவேணும்," என்பார். அதனால் மழை ஊற்றும் ஏப்ரலில், ஹீற்றருக்கு முன்னால் கம்பளிச் சட்டையோடு இருந்து, கோடையை நினைக்க எங்களை வற்புறுத்துவார்.

"பிள்ளை, நீ சொல்லு. ஆவணி மாதம், சனிக்கிழமை பின்னேரம். பின்வளவில கதிரை போட்டு இருக்கிறாய். கையில புத்தகம். உனக்கு என்ன வேணும்?"

"தேசிக்காய்த் தண்ணி, அக்கா." எனக்கு எலுமிச்சைப் புளிப்பு மட்டும்தான் நினைவில் வந்தது.

"ஆ, சரி. தேசிக்காய் மணக்கிற மாதிரி ஒண்டு போடுவம்."

"எதெண்டாலும் கெதியா முடியிறதைப் போடும்," என்று அவசரப்படுவார் சூசை அண்ணை, பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

"நீங்கள் இருக்கேக்க எதுதான் கெதியா முடியாது?"

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கோடைக்கான மெல்லிய வெளிறிய பியர். கோடை முடிகிறபோது பழுப்பு நிறத்தில் ஒன்று. ஒக்டோபரில், நத்தாருக்கும் அதற்குப் பிந்திய குளிருக்கும் கறுப்பு. நத்தார் முடிந்த கையோடு, தவக்காலத்துக்கு முன் குடித்து முடிக்கக்கூடிய, பிற்றர் என்ற கசப்புப் பியர். அவருடைய வருடம் இப்படிச் சுழன்றது. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய அந்த நாற்பது நாள் தவக்காலத்தில் வாளி காலியாகக் கிடக்கும்.

இதற்குக் காரணம் ஒரு நேர்த்தி. அவருடைய தம்பி மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் புறப்பட்டுப் பல நாள் செய்தி இல்லாமல் இருந்தபோது, அவன் கரைசேர்ந்தால் சாகும்வரை தவக்காலத்தில் பியர் தொடமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறார். "அப்பதான் அது எனக்கு நல்லாப் பிடிக்கத் துவங்கினது. பிடிக்காததை நேர்ந்து என்ன பிரயோசனம்?" என்றார். தம்பி கரைசேர்ந்தார். இப்போது திருச்சியில் கடை வைத்திருக்கிறார்.

கழகத்தின் வருடாந்தப் போட்டி மார்ச்சில், முதற்பரிசு ஒரு கிண்ணம். நான் அந்த வீட்டில் இருந்த எந்த வருடமும் அது தவக்காலத்தைத் தப்பவில்லை. ஒருவர் ஒரு பியர்தான் அனுப்பலாம். வீட்டில் இருக்கிற மூன்றில் எது அந்த நாளில் நன்றாக இருக்கிறது என்று ருசித்துப் பார்த்தால்தானே அனுப்பலாம்? பிலோ அக்கா அனுப்பவில்லை. ஒவ்வொரு வருடமும் போய்க் கதிரைகளை அடுக்கி, கிளாஸ் கழுவி, மற்றவர்கள் வெல்வதற்குக் கைதட்டிவிட்டு வருவார். "நல்ல பியர் செய்கிறவர் என்று சொல்கிறார்கள், நாங்கள்தான் பார்த்ததில்லை," என்று ஒருவர் அவர் காதில் விழச் சொன்னார். அக்கா சுவாமி என்று அழைக்கும் பங்குத்தந்தை ஐரிஷ்காரர், நல்ல மனிதர். சமைக்கிறவர் உப்புப் பார்ப்பது சாப்பாடாகாது, அதுபோல் ஒரு வாய் ருசி பார்ப்பது குடியாகாது என்று அவரே சொன்னார். அக்கா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "சுவாமிக்கு மன்னிக்கிற வேலை. எனக்குச் சொன்னதைச் செய்யிற வேலை." பிறகு, அடுப்பைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஆனால் பிள்ளை, எனக்கு அந்தக் கிண்ணம் வேணும். பாவமெண்டாலும் வேணும்," என்றார்.

அதிலிருந்து அவர் எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் யோசிக்கத் தொடங்கினார். ருசி பார்க்க ஏலாத நாளில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பியர் வேண்டும். வெளிறிய பியரின் வாசனை விரைவில் போய்விடும், எப்போது போகும் என்று சொல்லமுடியாது. கறுப்புப் பியர் ஒரு ஒழுங்கோடு மாறும் என்று டெரிக் சொல்லியிருந்தார். ஆகவே இரண்டு வருடங்களாக, காலம் தப்பி, கோடையிலும் கறுப்பையே போட்டார். வெய்யிலில் வியர்த்துக்கொண்டு அந்தக் கனத்த பியரை நாங்கள் குடிக்க வேண்டியிருந்தது. வாராவாரம், கிழமைக்கு ஒரு போத்தல் திறந்து, அது எந்த வயதில் எரிக்கிறது, எந்த வயதில் கசக்கிறது, எந்த வயதில் அடங்குகிறது என்று நாக்கில் பழக்கிக்கொண்டார். சூசை அண்ணை முணுமுணுத்தார்: "ஊரில சனம் வெய்யிலுக்கு இளநி குடிக்குது. எனக்கு இஞ்ச தார்."

மூன்றாவது வருடம், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முதல் நாள் பின்னேரம், டெரிக்கையும் கூப்பிட்டு, போட்டிக்கென்றே போட்ட மூன்று பியரிலும் ஒவ்வொரு போத்தலை மேசையில் வைத்தார். பழுப்பு பரவாயில்லை. வெளிறியது அற்புதம், டெரிக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது கிளாஸ் கேட்டார். கறுப்பு தொண்டையை எரித்தது.

"இது இருமலுக்குத் தாறதே?" என்றார் சூசை அண்ணை.

பிலோ அக்கா கறுப்பை வாயில் வைத்து நெடுநேரம் விழுங்காமல் இருந்தார். கடைசியில், "இதுதான்," என்றார்.

நாங்கள் மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். வெளிறியது நிச்சயம் வெல்லும் என்று டெரிக் மன்றாடினார். நானும் சொன்னேன்.

"ஓம், இண்டைக்கெண்டால் அதுதான் வெல்லும்," என்றார் அக்கா. "போட்டி இண்டைக்கில்லை." கிளாஸில் மிஞ்சியிருந்ததை முடித்து, கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு நாற்பது நாளும் ஒரு சொட்டு இல்லை.

அடுத்து வந்த கிழமைகள் அவரைவிட எங்களுக்குத்தான் கடினமாக இருந்தன. நாங்கள் திறந்து பார்க்கலாம், ஆனால் சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்டளை. "நீங்கள் சொன்னால் நான் உங்கட நாக்கால குடிச்ச மாதிரிப் போகும்." மூன்றாம் கிழமை நானும் சூசை அண்ணையும் பின்வளவுக் கொட்டிலில் ஒரு போத்தலைத் திறந்தோம். இன்னும் எரித்தது. அதோடு ஒரு கசப்பும் சேர்ந்திருந்தது. உள்ளே வந்தபோது அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "முகத்தையும் காட்டாதை பிள்ளை, மேல போ," என்றார். சின்ன வயதிலிருந்தே மனதில் இருப்பதை வெளியே காட்டாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயருக்கு அந்த மாதம்தான் உண்மையான சோதனை வந்தது.

சூசை அண்ணைக்குப் பொறுக்கவில்லை. போட்டி நெருங்கியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வெளிறினதை மாத்தி வைப்பம். போத்தல் ஒரே மாதிரித்தான். மனுசி ருசி பாக்கப்போறதில்லை, அவவுக்கு என்னண்டு தெரியும்? சபையில தலைகுனிஞ்சு நிக்க விடேலாது பிள்ளை." பகிடி விட்டே காலம் போக்கும் அந்த மனிதர் மனைவிமேல் வைத்திருந்த அன்பை அன்றுதான் முழுதாகக் கண்டேன். முதலில் கறுப்பை இன்னொருமுறை பார்ப்போம் என்றேன். மறுபடி கொட்டில். அவர்தான் முதலில் குடித்தார். கிளாஸை மெதுவாக இறக்கினார். மறுபடி தூக்கிக் குடித்தார். நானும் குடித்தேன். எரிவு போன இடம் தெரியவில்லை. காய்ந்த திராட்சையும் கருகிய சீனியும் போல ஒன்று, அதற்குப் பின்னால் நீண்ட நேரம் நிற்கிற ஒரு மென்மை.

"மாத்துவமோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"வாயை மூடு பிள்ளை," என்றார். அந்தப் போத்தலை நாங்கள் இருவருமே முடித்தோம்.

போட்டியன்று மண்டபத்தில் பிலோ அக்கா நீலச் சேலை உடுத்து, குழாய்த் தண்ணீர்க் கிளாஸ் ஒன்றோடு பின் வரிசையில் இருந்தார். நடுவர்கள் வெளிக் கழகங்களிலிருந்து வந்தவர்கள். போத்தல்களில் இலக்கம் மட்டும்தான், பெயர் இல்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, மணந்து, குடித்து, ஒன்றும் பேசாமல் எழுதினார்கள். மூன்றாம் பரிசு அறிவித்தார்கள். இரண்டாம் பரிசு டெரிக்குக்கு. முதற்பரிசுக்கு இலக்கத்தைச் சொல்லிப் பெயரை எடுக்கமுன்பே, இலக்கம் தெரிந்த டெரிக் கதிரையைத் தள்ளி விழுத்திக்கொண்டு எழும்பி, தான் தோற்றதை மறந்து, "அது பிலோமினா!" என்று கத்தினார்.

கிண்ணத்தைக் கையில் கொடுத்து, சில வார்த்தை பேசும்படி கேட்டார்கள். அவர் ஒலிவாங்கியைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "நன்றி. நான் இன்னும் இதைக் குடிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று உயிர்த்த ஞாயிறு வரை தயவுசெய்து ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

மண்டபம் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தது. டெரிக் எழும்பி விளக்கினார். சிரிப்பு நின்றது. பிறகு எழுந்த கைதட்டலில் ஜன்னல்கள் அதிர்ந்தன. நல்ல பியரைப் பார்த்ததில்லை என்று முன்பு சொன்ன அதே மனிதர் அக்காவிடம் வந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, நினைவு வந்து, வாயை மூடிக்கொண்டு, கையை மட்டும் குலுக்கிவிட்டுப் போனார்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, தேவாலயத்துக்கு உடுத்த சேலையைக்கூட மாற்றாமல், போத்தலைத் திறந்தார். கறுப்புப் பியர், மேலே பழுப்பு நுரை. முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். சூசை அண்ணை முழங்கையால் என்னை இடித்தார்.

"ஓம்," என்றார் பிலோ அக்கா. "நினைச்ச மாதிரித்தான் இருக்கு."

அதைச் சொன்ன விதத்தில் ஆச்சரியம் இல்லை. சந்தோசம் மட்டும் இருந்தது, அதுவும் நிறைய. எல்லாருக்கும் ஊற்றினார். எனக்கு, என் சின்னக் கிளாஸை ஒதுக்கிவிட்டு, பெரியதில் ஊற்றினார். அன்று பின்னேரம் பக்கத்து வீட்டாரும் பங்கு மக்களும் வந்து, கிண்ணத்தில் ஊற்றிக் கைக்குக் கை மாற்றிக் குடித்தார்கள். செபமாலையன்று கம்பளத்தில் கிடந்த முதியவரும் வந்திருந்தார்.

பிறகும் பல வருடங்கள் போட்டிக்கு அனுப்பினார். சில வருடம் வென்றார், சில வருடம் கணிப்புத் தப்பித் தோற்றார். தோற்றபோது டெரிக்கை ஒரு மாதம் ஏசுவார். தவக்காலத்தில் ஒருமுறையும் கிளாஸைத் தொடவில்லை. நான் கலியாணமாகி செவன் கிங்ஸுக்கு வந்தபின்னும் தொலைபேசியில் என் வாக்கைக் கேட்டுக்கொண்டுதான் அடுத்த பியரைப் போட்டார். பெரும்பாலும் நான் சொன்னதற்கு எதிரானதையே போட்டார்.

நான் இன்றுவரை ஒரு போத்தல்கூடச் செய்ததில்லை. அதற்கான பொறுமை என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று ஒரு நிமிடத்தை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாம் பரிசு அறிவித்து முடிந்துவிட்டது. அறிவிப்பாளர் அடுத்த தாளைப் பிரிக்கிறார். சூசை அண்ணை நகம் கடிக்கிறார். நான் திரும்பி பிலோ அக்காவைப் பார்க்கிறேன். அவர் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, முடிவு நாக்கில் ஏற்கெனவே இருக்கிற ஒருவரைப்போல, நிமிர்ந்து, ஆறுதலாக, தன்னுடைய பெயருக்காகக் காத்திருக்கிறார்.